ஆயத்தொலைத் தளத்தில் புள்ளி குறிப்பது எப்படி: அச்சு வரைவது முதல் திரும்பப் படிப்பது வரை

(3, 2) என்ற புள்ளியைக் குறிக்கச் சொன்னால், என்னிடம் மாலையில் படிக்க வந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அதை (2, 1) இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பாள். (5, 4) என்றால் (4, 3) இருக்க வேண்டிய இடத்தில் குறிப்பாள். எண்களின் வரிசையை அவள் மாற்றவில்லை, குறிகளையும் மாற்றவில்லை; ஆனாலும் ஒவ்வொரு புள்ளியும் ஒரு கட்டம் பின்தங்கியே விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் காரணம் தெரிந்தது. இரண்டு அச்சுகளும் வெட்டும் இடத்தில் முனையை வைத்த உடனேயே அவள் "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினாள். அங்கே சொல்ல வேண்டியது "பூஜ்ஜியம்". அடுத்த கோட்டுக்கு நகர்ந்த பிறகுதான் "ஒன்று" வர வேண்டும்.

இந்தப் பிழை கண்ணுக்கு எளிதில் அகப்படாது. புள்ளிகள் எல்லாம் அச்சுகள் வெட்டும் ஆதிப்புள்ளியை நோக்கி ஒரு கட்டம் நெருங்கிவிடுவதால், நான்கு பக்கமும் பரவியிருக்க வேண்டிய ஒரு சதுரம் சற்றுச் சிறிய சதுரமாக, பார்வைக்குக் குறையில்லாமலே வந்து நிற்கும். ஆனால் குறித்த புள்ளியிலிருந்து நேராக அச்சுக்கு இறங்கி, அங்கே எழுதியிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்திருந்தால் முதல் புள்ளியிலேயே குட்டு வெளிப்பட்டிருக்கும். போகும்போது எண்ணிக்கொண்டு போக வேண்டும்; திரும்பும்போது எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாத வரை அந்தப் புள்ளியைக் குறித்து முடித்ததாகக் கொள்ளக் கூடாது. இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது இந்தப் பழக்கத்தைத்தான்.

தளமும் அதன் பெயர்களும்

கிடையாக ஓர் எண்கோடு, அதைச் செங்குத்தாக வெட்டும் மற்றோர் எண்கோடு. இரண்டும் தத்தம் பூஜ்ஜியத்தில் சந்திக்கின்றன. கிடைக்கோடு எக்ஸ் அச்சு, நிற்கும் கோடு ஒய் அச்சு, சந்திக்கும் இடம் ஆதிப்புள்ளி. இந்த அமைப்பைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கார்ட்டீசியன் தளம் என்றும், ஒரு புள்ளியின் இடத்தைச் சொல்லும் எண்களை ஆயத்தொலைவுகள் என்றும் அழைக்கின்றன. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் படித்தவர்களுக்கு ஆள்கூறு, ஆள்கூற்றுத் தளம் என்ற சொற்களே பழக்கமானவை. சொற்கள் வேறானாலும் செய்முறை ஒன்றே.

(4, −3) என்று எழுதினால், முதல் எண் எக்ஸ் ஆயத்தொலைவு, இரண்டாவது எண் ஒய் ஆயத்தொலைவு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பெயரைக் கேட்டதும், எக்ஸ் ஆயத்தொலைவு என்பது எக்ஸ் அச்சிலிருந்து உள்ள தொலைவு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஒய் அச்சிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு வலப்புறம் அல்லது இடப்புறம் விலகியிருக்கிறது என்பதைச் சொல்கிறது. எக்ஸ் அச்சின் வழியே அளக்கப்படுவதால்தான் அதற்கு அந்தப் பெயர். அதேபோல ஒய் ஆயத்தொலைவு, எக்ஸ் அச்சிலிருந்து புள்ளி எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. ஒன்பதாம் வகுப்பில் "எக்ஸ் அச்சிலிருந்து (4, −3) எவ்வளவு தொலைவில் உள்ளது?" என்று கேட்கும்போது 4 என்று விடை எழுதும் மாணவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். விடை 3.

கார்ட்டீசியன் என்ற சொல் பிரெஞ்சுக் கணித அறிஞரும் தத்துவ அறிஞருமான ரெனே டெகார்ட்டின் பெயரிலிருந்து வந்தது. வடிவங்களை எண்களாலும் சமன்பாடுகளாலும் ஆராயலாம் என்பதைக் காட்டும் அவருடைய வடிவியல் நூல் 1637 இல் வெளிவந்தது. கூரையில் ஊர்ந்த ஈயின் இடத்தைச் சொல்ல முயன்றபோது இந்த எண்ணம் அவருக்குத் தோன்றியது என்று வகுப்பறைகளில் சொல்லப்படும் கதைக்கு அவருடைய எழுத்துகளில் சான்று இல்லை. அதைவிட வியப்பான செய்தி, நாம் இன்று வரையும் இரட்டை அச்சுகளும் நான்கு பகுதிகளும் கொண்ட படம் அவருடைய அந்த நூலில் இல்லை என்பதுதான். ஏறக்குறைய அதே காலத்தில் மற்றொரு பிரெஞ்சுக் கணித அறிஞரான பியர் தெ ஃபெர்மாவும் தனியாக இதே கருத்தை எட்டியிருந்தார். குறை எண்களுக்கும் உரிய இடம் தந்து, நான்கு பகுதிகளிலும் வளைகோடுகளைத் தொடர்ந்து வரையும் முறையை நியூட்டன் 1704 இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாகக் காண்கிறோம். இடப்புறமும் கீழ்ப்புறமும் எண்கள் ஓடுவதை ஏற்றுக்கொள்ள அறிஞர்களுக்கே அத்தனை காலம் பிடித்தது என்றால், குறை எண்ணைக் கண்டு ஒரு பிள்ளை தயங்குவதைக் கடிந்துகொள்வதில் நியாயமில்லை.

படி 1: தாள், பென்சில், அளவுகோல்

கடையில் கிராஃப் தாள் என்று கேட்டால் கிடைக்கும் வரைபடத்தாளில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு தடித்த கோடும், அவற்றுக்கு இடையே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் ஒரு மெல்லிய கோடும் இருக்கும். அந்தத் தாளுக்குக் கூர்மையாகச் சீவிய பென்சில் கட்டாயம் வேண்டும். மழுங்கிய முனை வைக்கும் புள்ளி ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் ஓர் அலகைக் குறிக்கும் படத்தில், அந்தப் புள்ளி 37 ஆ 38 ஆ என்று யாராலும் சொல்ல முடியாது. சிறிய புள்ளியாக வைத்து, அது கண்ணுக்குத் தப்பாமல் இருக்க அதைச் சுற்றி ஒரு சிறு வட்டம் போடுவது நல்ல வழக்கம். பேனாவால் புள்ளி குறிக்க வேண்டாம்.

படி 2: எண்களைப் பார்த்து அளவுத்திட்டத்தை முடிவு செய்தல்

பெரும்பாலானவர்கள் தாள் கைக்கு வந்ததும் நடுவில் ஒரு கூட்டல் குறியைப் போல இரண்டு கோடுகளை இழுத்துவிட்டு, அதன் பிறகே எண்களைப் பார்க்கிறார்கள். பாதிப் புள்ளிகள் தாளுக்கு வெளியே போவதும், எல்லாப் புள்ளிகளும் ஒரு மூலையில் எறும்புக் கூட்டம் போல ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். அச்சு வரைவதற்கு முன் கொடுக்கப்பட்ட எண்களைப் படித்து, எக்ஸ் எண்களில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது, ஒய் எண்களில் மிகச் சிறியது எது, மிகப் பெரியது எது என்ற நான்கு விவரங்களையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மெய்யான கணக்கை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்ப்போம். வெப்பநிலையைச் செல்சியஸிலிருந்து பாரன்ஹீட்டுக்கு மாற்ற, செல்சியஸ் எண்ணை 1.8 ஆல் பெருக்கி 32 ஐக் கூட்ட வேண்டும். செல்சியஸை எக்ஸ் அச்சிலும் பாரன்ஹீட்டை ஒய் அச்சிலும் கொண்டால் நமக்குக் கிடைக்கும் புள்ளிகள் இவை:

(−40, −40), (−30, −22), (−20, −4), (−10, 14), (0, 32), (10, 50), (20, 68), (30, 86), (40, 104).

எக்ஸ் எண்கள் −40 முதல் 40 வரை போகின்றன, அதாவது 80 அலகுகள். ஒய் எண்கள் −40 முதல் 104 வரை போகின்றன, அதாவது 144 அலகுகள். 1 செ.மீ. என்பது 10 அலகுகள் என்று வைத்துக்கொண்டால், கிடையாக 8 செ.மீ. இடமும் நெடுக்காக 14.4 செ.மீ. இடமும் போதும். ஓரங்களில் சற்று இடம் விட்டாலும் தாளில் தாராளமாக அடங்கும். இந்த அளவுத்திட்டத்தில் ஒரு மில்லிமீட்டர் சரியாக ஒரு பாகைக்குச் சமமாவது கூடுதல் வசதி.

அளவுத்திட்டத்துக்கு 1, 2, 5, 10, 20, 50 போன்ற எண்களையே நாடுங்கள். காரணம் மில்லிமீட்டர் கட்டங்களில் இருக்கிறது. 1 செ.மீ. என்பது 5 அலகுகள் என்றால் ஒரு சிறு கட்டம் அரை அலகு. 7 என்ற எண் 1.4 செ.மீ. தொலைவில், ஒரு கோட்டின் மீதே விழும். 1 செ.மீ. என்பது 2 அலகுகள் என்றாலும் 7 என்பது 3.5 செ.மீ. தொலைவில் ஒரு கோட்டின் மீதே வரும். ஆனால் 1 செ.மீ. என்பது 3 அலகுகள் என்று வைத்துவிட்டால் அதே 7 என்பது 2.333 செ.மீ. என்று இழுத்துக்கொண்டு போகும், அதற்குத் தாளில் எந்தக் கோடும் இல்லை. பிறகு ஒவ்வொரு புள்ளியையும் உத்தேசமாக வைக்க வேண்டிவரும். உத்தேசமாக வைத்த புள்ளிகளை இணைத்தால் நேர்கோடும் நெளியத்தான் செய்யும்.

இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நேரத்தை ஓர் அச்சிலும் தொலைவை மற்றோர் அச்சிலும் குறிக்கும்போது இரண்டும் வேறுபடுவது இயல்பு. ஆனால் சதுரம், வட்டம், செங்கோணம் போன்ற வடிவங்களைப் பற்றிய கேள்வியாக இருந்தால் இரண்டுக்கும் ஒரே அளவுத்திட்டத்தையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் சதுரம் செவ்வகமாகவும் வட்டம் முட்டை வடிவமாகவும் தெரியும்.

படி 3: அச்சுகளை வரைதல்

அச்சுகளை எப்போதும் தடித்த சென்டிமீட்டர் கோடுகளின் மீதே வரையுங்கள். ஆதிப்புள்ளி தாளின் நடுவில்தான் இருக்க வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லை. நம்முடைய வெப்பநிலைக் கணக்கில் ஆதிப்புள்ளிக்குக் கீழே 4 செ.மீ. போதும், மேலே 10.4 செ.மீ. வேண்டும். ஆகவே எக்ஸ் அச்சைத் தாளின் அடிப்பகுதியிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில் வரைவதே முறை.

பிறகு ஆதிப்புள்ளியில் 0 என்று எழுதி, ஒவ்வொரு சென்டிமீட்டர் கோட்டுக்கும் நேராக எண்களை இடுங்கள். எண்கள் கோடுகளுக்கு நேராக வர வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில் உள்ள கட்டத்துக்குள் வரக் கூடாது. நாள்காட்டியில் தேதிகள் கட்டங்களுக்குள் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண், இங்கேயும் கட்டத்துக்குள் எண்ணைத் தேடும். ஆயத்தொலைத் தளத்தில் எண் என்பது ஒரு கோட்டின் பெயர் என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குறை எண்களை எழுதும்போது ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் −10, அதற்கு அடுத்து −20, பிறகு −30 என்று விலகிப் போக வேண்டும். தாளின் இட ஓரத்திலிருந்து வலப்புறமாக −10, −20, −30 என்று எழுதிக்கொண்டு வருபவர்களை நான் பார்த்திருக்கிறேன். இடமிருந்து வலமாக எழுதும் கையின் பழக்கம் அது. எண்கள் எப்போதும் ஆதிப்புள்ளியிலிருந்து புறப்பட்டு வெளியே போகின்றன என்று நினைத்துக்கொண்டால் இந்தத் தவறு நேராது.

அச்சுகளின் முனைகளில் அம்புக்குறியும் அச்சின் பெயரும், தாளின் மேல் வலது மூலையில் அளவுத்திட்டமும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணிதத் தாளில் வரைபடக் கேள்விக்கு 8 மதிப்பெண் உண்டு. புள்ளிகளைச் சரியாகக் குறித்துவிட்டு அளவுத்திட்டத்தை எழுத மறந்தால், அந்தப் புள்ளிகள் எந்த எண்களைக் குறிக்கின்றன என்பதைத் திருத்துபவர் எப்படி அறிவார்?

எண்கள் எல்லாம் பூஜ்ஜியத்துக்கு வெகு தொலைவில் இருக்கும்போது, எடுத்துக்காட்டாக நோயாளி ஒருவரின் காய்ச்சல் 98 முதல் 104 பாகை பாரன்ஹீட் வரை மட்டுமே மாறும்போது, அச்சின் தொடக்கத்தில் ஒரு சிறு நெளிகோடு போட்டு, அதன் பிறகு 97 இலிருந்து எண்ணைத் தொடங்கலாம். நெளிகோடு, இடையில் உள்ள எண்கள் விடப்பட்டிருக்கின்றன என்பதற்கான அறிவிப்பு. அதைப் போடாமல் 97 இல் தொடங்குவது படிப்பவரை ஏமாற்றுவதாகும்.

படி 4: புள்ளியைக் குறித்தல்

(−20, −4) என்ற புள்ளியை எடுத்துக்கொள்வோம். பென்சில் முனையை ஆதிப்புள்ளியில் வையுங்கள். வாய்விட்டுப் "பூஜ்ஜியம்" என்று சொல்லுங்கள். முதல் எண் −20. குறை எண் என்பதால் இடப்புறம் போக வேண்டும். எக்ஸ் அச்சின் வழியே −10, −20 என்று இரண்டு தடித்த கோடுகளைக் கடந்து நில்லுங்கள். இங்கே எதையும் குறிக்கக் கூடாது, முனை தாளில் பதியவும் கூடாது. பாதி வழியில் பதிந்த தடத்தைப் பின்னால் புள்ளி என்று நினைத்து ஏமாறுவது உண்டு. இரண்டாவது எண் −4. குறை எண் என்பதால் கீழே இறங்க வேண்டும். நம் அளவுத்திட்டத்தில் ஒரு பாகைக்கு ஒரு மில்லிமீட்டர், ஆகவே நான்கு சிறு கட்டங்கள். இறங்கி நின்ற இடத்தில் புள்ளி வைத்து, சுற்றிச் சிறு வட்டம் போட்டு, பக்கத்தில் (−20, −4) என்று எழுதுங்கள்.

முதலில் கிடையாகப் போய், பிறகு செங்குத்தாகப் போவது ஒரு மரபு. முதலில் நான்கு கட்டம் இறங்கிவிட்டுப் பிறகு இடப்புறம் 20 அலகு போனாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேர்வோம். ஆனால் எந்த எண் கிடையாகப் போகச் சொல்கிறது, எந்த எண் செங்குத்தாகப் போகச் சொல்கிறது என்பதை மாற்றிக்கொள்ள முடியாது. வரிசை முக்கியம் என்று ஆசிரியர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

ஓர் எண் பூஜ்ஜியமாக இருந்தால், அந்தத் திசையில் நகர வேண்டியதில்லை. (0, 32) என்றால் கிடையாக நகராமல் நேராக மேலே 32 அலகு போக வேண்டும். புள்ளி ஒய் அச்சின் மீதே விழும். (0, 32) என்பதைக் கண்டதும் 0 ஐ விட்டுவிட்டு 32 ஐ எக்ஸ் அச்சில் குறிப்பது அடிக்கடி நேரும் தவறு. பூஜ்ஜியத்துக்கும் அதற்குரிய நகர்வு உண்டு, அந்த நகர்வின் அளவு பூஜ்ஜியம்.

படி 5: திரும்பப் படித்தல்

புள்ளி வைத்தாயிற்று. இப்போது தொடக்க எண்களைக் கையால் மறைத்துக்கொண்டு, குறித்த புள்ளியிலிருந்து அளவுகோலைச் செங்குத்தாக வைத்து எக்ஸ் அச்சைத் தொடுங்கள். அங்கே என்ன எண் எழுதியிருக்கிறது? −20. அளவுகோலைக் கிடையாக வைத்து ஒய் அச்சைத் தொடுங்கள். அங்கே 0 க்குக் கீழே நான்காவது சிறு கோடு, −4. மறைத்த கையை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு புள்ளிக்குப் பத்து விநாடிகூட ஆகாது.

இரண்டு அச்சுகளுக்கும் ஒரே அளவுத்திட்டம் இருந்தால் அளவுகோலே இன்னொரு சாட்சியாகும். 1 செ.மீ. என்பது 1 அலகு என்று வைத்து (1, 2), (4, 6) என்ற புள்ளிகளைக் குறித்து அவற்றின் இடைத்தொலைவை அளந்து பாருங்கள். கிடையாக 3, செங்குத்தாக 4 நகர்வதால், பிதாகரஸ் தேற்றப்படி தொலைவு சரியாக 5 செ.மீ. வர வேண்டும். கவனக்குறைவாக (4, 6) ஐ (6, 4) இல் குறித்திருந்தால் அளவுகோல் 5.4 செ.மீ. காட்டிவிடும்.

குறிகளும் கால்பகுதிகளும்

இரண்டு அச்சுகளும் தளத்தை நான்கு கால்பகுதிகளாகப் பிரிக்கின்றன. மேல் வலது முதல் கால்பகுதி; அங்கிருந்து கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் மேல் இடது இரண்டாவது, கீழ் இடது மூன்றாவது, கீழ் வலது நான்காவது. குறிகளை வரிசையாகச் சொன்னால் (+, +), (−, +), (−, −), (+, −). இதை மனப்பாடம் செய்வதைவிட, எக்ஸ் மிகை என்றால் வலம், குறை என்றால் இடம், ஒய் மிகை என்றால் மேல், குறை என்றால் கீழ் என்பதை வைத்தே ஒவ்வொரு முறையும் கண்டுபிடிப்பது நீண்ட காலம் நிலைக்கும். அச்சின் மீதே இருக்கும் புள்ளி எந்தக் கால்பகுதியையும் சேராது.

எண்களின் வரிசை மாறினால்

(2, 5), (5, 2) என்ற இரண்டையும் ஒரே தாளில் குறித்துப் பாருங்கள். (1, 1), (2, 2), (3, 3) என்று இரண்டு எண்களும் சமமாக உள்ள புள்ளிகளின் வழியே ஒரு சாய்கோடு வரைந்தால், அந்த இரு புள்ளிகளும் அதற்கு இருபுறமும் கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல நிற்கும். எந்தப் புள்ளியின் எண்களை மாற்றினாலும் இது நடக்கும். இரண்டு எண்களும் சமமாக இருந்தால் மட்டும் புள்ளி இடம் மாறாது. அதனால்தான் (3, 3) ஐச் சரியாகக் குறித்த மாணவருக்கு வரிசை புரிந்துவிட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

பள்ளிக்கு வெளியே இந்த மரபு எல்லா இடத்திலும் ஒன்றாக இல்லை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் வரைபடச் செயலி சென்னையின் இடத்தை ஏறக்குறைய 13.08, 80.27 என்று காட்டும். முதல் எண் அட்சரேகை, அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எவ்வளவு என்பது. வடக்கை மேலே வைத்து வரைந்த படத்தில் அது செங்குத்து அளவு. இரண்டாவது எண் தீர்க்கரேகை, கிழக்கே எவ்வளவு என்பது. அது கிடை அளவு. பள்ளி வழக்கப்படி குறித்தால் சென்னை (80.27, 13.08) ஆகும். கணினித் திரையில் படம் வரையும் நிரல்களில் பெரும்பாலும் ஆதிப்புள்ளி மேல் இடது மூலையில் இருக்கும், ஒய் எண் கூடக் கூடப் புள்ளி கீழே இறங்கும். எந்த இடத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது, முதல் எண் எந்தத் திசைக்கு உரியது, எந்தப் பக்கம் மிகை?

படி 6: புள்ளிகளை இணைத்துப் படத்தைப் படித்தல்

வெப்பநிலைக் கணக்கின் ஒன்பது புள்ளிகளையும் குறித்து முடித்தால் அவை ஒரே நேர்கோட்டில் நிற்கும். நேர்கோடு வரைய இரண்டு புள்ளிகள் போதும் என்பது உண்மையே. ஆனால் எந்த இரண்டு புள்ளிகளின் வழியேயும் ஒரு நேர்கோடு போகும் என்பதால், அந்த இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும் தெரியாது. மூன்றாவது புள்ளியும் அதே கோட்டில் வந்து உட்கார்ந்தால்தான் நம்பலாம். ஒரு புள்ளி மட்டும் விலகி நின்றால் அளவுகோலை வளைத்துப் பிடித்து அதையும் சேர்த்துக்கொள்ளப் பார்க்காமல், அந்தப் புள்ளியின் கணக்கையும் இடத்தையும் மீண்டும் சரிபாருங்கள்.

வரைந்த கோடு என்னென்ன சொல்கிறது என்று பாருங்கள். அது மூன்றாவது கால்பகுதியில் (−40, −40) இல் தொடங்கி, எக்ஸ் அச்சை −17.8 க்கு அருகில் வெட்டி, இரண்டாவது கால்பகுதியில் நுழைந்து, ஒய் அச்சை 32 இல் வெட்டி, முதல் கால்பகுதிக்குப் போகிறது. இரண்டாவது கால்பகுதியில் இருக்கும் சிறு துண்டு, செல்சியஸ் குறை எண்ணாகவும் பாரன்ஹீட் மிகை எண்ணாகவும் இருக்கும் குளிர்நிலைகளைக் காட்டுகிறது. நான்காவது கால்பகுதியில் கோடு நுழைவதே இல்லை. நீர் உறையும் நிலையைவிட வெப்பமாக இருந்துகொண்டே பாரன்ஹீட்டில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போக எந்தப் பொருளாலும் முடியாது. இரண்டு எண்களும் சமமாக உள்ள அந்தச் சாய்கோட்டையும் இதே தாளில் வரைந்தால், இரண்டு கோடுகளும் (−40, −40) இல் மட்டுமே சந்திக்கும். இரு அளவைகளும் ஒரே எண்ணைக் காட்டும் ஒரே வெப்பநிலை அதுதான். சமன்பாட்டைத் தீர்த்தும் இதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுவதைத் தாளில் தம் கண்ணால் பார்த்த பிள்ளைக்குத் தீர்வு என்ற சொல்லின் பொருள் அன்றே விளங்கிவிடுகிறது.

கோட்டிலிருந்து புதிய விவரங்களையும் எடுக்கலாம். காய்ச்சல்மானி 100 பாகை பாரன்ஹீட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒய் அச்சில் 100 இலிருந்து கிடையாகப் போய்க் கோட்டைத் தொட்டு, அங்கிருந்து செங்குத்தாக இறங்கினால் எக்ஸ் அச்சில் 37 க்கும் 38 க்கும் இடையே, 38 க்கு நெருக்கமாக நிற்போம். கணக்கிட்டால் வருவது 37.8. படி 5 இல் புள்ளியைத் திரும்பப் படித்த அதே கை அசைவுதான் இங்கேயும் வேலை செய்கிறது.

வளைகோட்டில் கூடுதல் கவனம்

பத்தாம் வகுப்பில் வரும் இருபடிச் சமன்பாடுகளின் வரைபடத்துக்கும் இதுவரை சொன்ன படிகளே பொருந்தும். ஒய் = எக்ஸ்² − 2எக்ஸ் − 3 என்பதை எடுத்துக்கொண்டால் கிடைக்கும் புள்ளிகள் (−2, 5), (−1, 0), (0, −3), (1, −4), (2, −3), (3, 0), (4, 5). இரண்டு அச்சுகளிலும் 1 செ.மீ. என்பது 1 அலகு என்ற அளவுத்திட்டம் போதும். இந்தப் புள்ளிகளை அளவுகோலால் இணைக்கக் கூடாது. கையால், பென்சிலைத் தூக்காமல், வழுவழுப்பாக வளைத்து இணைக்க வேண்டும். அடிப்பகுதி கூர்மையாக வந்துவிடுமோ என்ற ஐயம் இருந்தால் எக்ஸ் 0.5 ஆகவும் 1.5 ஆகவும் இருக்கும்போது ஒய் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள், இரண்டுக்கும் −3.75. அந்த இரண்டு புள்ளிகளையும் சேர்த்துக்கொண்டால் வளைவு தானாக உருண்டு வரும்.

இந்த வளைகோடு, எக்ஸ் 1 ஆக உள்ள செங்குத்துக் கோட்டுக்கு இருபுறமும் ஒரே அளவாக இருக்கிறது. (0, −3) க்கு எதிரே (2, −3), (−1, 0) க்கு எதிரே (3, 0), (−2, 5) க்கு எதிரே (4, 5). இந்தச் சமச்சீரே இங்கே நமக்குக் காவல். மாணவர்கள் −2 ஐ வர்க்கப்படுத்தும்போது 4 என்பதற்குப் பதிலாக −4 என்று எழுதிவிடுவது வழக்கம். அப்படி எழுதினால் −4 + 4 − 3 என்று −3 வரும். புள்ளி (−2, −3) இல் போய் விழும். (4, 5) இலிருந்து இறங்கி வந்து அடியில் திரும்பி (−1, 0) வரை மேலேறிய வளைவு, அடுத்த புள்ளிக்காகத் திடீரென்று கீழே சரிய வேண்டியிருக்கும். அந்த இடத்தில் பென்சிலை நிறுத்தி, எதிர்ப்புறம் (4, 5) எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று பார்த்து, பட்டியலில் −2 க்கு உரிய வரிசையை மட்டும் மறுபடி கணக்கிடுங்கள். தவறான புள்ளியை அழித்துவிட்டு, ஆதிப்புள்ளியிலிருந்து இடப்புறம் இரண்டு, மேலே ஐந்து என்று நகர்ந்து புதிய புள்ளியை வைத்து, அளவுகோலை அச்சு வரை கொண்டுபோய் எண்களைப் படித்துப் பார்த்த பிறகு வளைவைத் தொடருங்கள்.